தம்பி தங்கைக்குச் சதுரங்கம் கற்றுத்தரப் போகிறீர்களா? விடையை உடனே சொல்லிவிடாதீர்கள்

"அக்கா, எனக்குச் செஸ் கத்துக்கொடு!"

வீட்டில் இந்தக் குரல் கேட்கிறதா? 2024ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி, சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் தொம்மராஜு, சீனாவின் டிங் லிரெனை 7.5-6.5 எனும் புள்ளிக்கணக்கில் வீழ்த்தி உலகச் சதுரங்க வெற்றியாளரானார். அவ்வளவு இளவயதில் அந்தப் பட்டத்தை யாரும் வென்றதில்லை. ஆட்டம் நடந்ததோ நம் ஊரில், ரிசோர்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசாவில். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடக்கு-கிழக்குப் பாதை ரயில் ஏறினால் நேரே ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து கடலைத் தாண்டினால் போதும்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு செய்தி. சிங்கப்பூரைப் பிரதிநிதித்து ஆடும் அஷ்வத் கௌஷிக், சுவிட்சர்லந்தின் பர்க்டார்ஃப் நகரில் போலந்து கிராண்ட்மாஸ்டர் யாசெக் ஸ்டோபாவைத் தோற்கடித்தார். அப்போது அஷ்வத்துக்கு வயது 8 ஆண்டு, 6 மாதம், 11 நாள். நீண்டநேர ஆட்டத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டரை வென்ற ஆக இளையவர் எனும் சாதனை அன்று அவருக்குக் கிடைத்தது.

ஆகவே ஆசை வருவது இயல்பு. அதற்குப் பிறகுதான் குழப்பம். செயலி ஒன்றைப் பதிவிறக்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? வகுப்பில் சேர்க்க வேண்டுமா? தோற்றுவிட்டு அழுதால் என்ன சொல்வது? நீங்கள் அக்காவோ அண்ணனோ, இளம் சித்தப்பாவோ, புதிதாகப் பெற்றோர் ஆனவரோ, யாராக இருந்தாலும் இந்தக் கேள்விகள் வரும். உங்களுக்கே சுமாராகத்தான் ஆடத் தெரியுமா? பரவாயில்லை. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் நிபுணர். இருவருமே சதுரங்க ஆட்டக்காரர்கள் அல்லர்.

உலக வெற்றியாளர் போட்டியைத் தீர்மானித்த எளிய பாடம்

செந்தோசாவின் கடைசி ஆட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கற்றுத்தரப் போகிறவருக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவருக்கும் தலா 6.5 புள்ளி. 14ஆவது ஆட்டமும் சமனாகப் போய்க்கொண்டிருந்தது. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிங்கால் தாக்குப்பிடிக்க முடியும் என்றுதான் நிபுணர்கள் நினைத்தார்கள். 55ஆவது நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றிக்கொண்டார். அடுத்து பிஷப்பையும் மாற்றிக்கொள்ளச் சொல்லி நீட்டினார். பலகையின் மூலையில் மாட்டியிருந்த டிங்கின் பிஷப்புக்குத் தப்பிக்க இடமில்லை. மிச்சம் இருந்தவை ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டுமே.

கடைசி நகர்வில் குகேஷின் ராஜா டிங்கின் ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு வந்து நின்றது. டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

ஏன்? லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். இடித்துக்கொண்டு போக முடியாது. யார் முதலில் அசைய வேண்டுமோ, அவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். சதுரங்கத்தில் இரு ராஜாக்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் நிற்க விதி இடம்தராது. அதனால் அதே கதைதான். நகர வேண்டிய முறை டிங்குடையது. அவர் ஒதுங்க, குகேஷின் ராஜா உள்ளே நுழையும். இதற்கு ஆப்போசிஷன் என்று பெயர்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு அரைமணி நேரத்தில் புரியவைக்கக்கூடிய பாடம் இது. 25 லட்சம் அமெரிக்க வெள்ளிப் பரிசுத் தொகையும் உலகப் பட்டமும் கடைசியில் அந்த அடிப்படைப் பாடத்தில் வந்து நின்றன. ஆடம்பரமான தொடக்க நகர்வுகளைப் பத்துப் பதினைந்து மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, குறைந்த காய்களை வைத்து ஒழுங்காக ஆடக் கற்றுத்தருவது ஏன் முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதல் நாளே 32 காய்களையும் அடுக்கி வைக்காதீர்கள். சிப்பாய்களை மட்டும் வையுங்கள், ஆளுக்கு எட்டு. யாருடைய சிப்பாய் முதலில் அந்தக் கரையைத் தொடுகிறதோ அவர் வென்றார். இந்தச் சின்னச் சண்டையில் பிள்ளை எத்தனை கற்கிறது பாருங்கள்: சிப்பாய் நேராக நடந்து குறுக்கே வெட்டும், அவசரப்பட்டால் மாட்டிக்கொள்ளும், ஒன்றுக்கொன்று துணை நின்றால் பிழைக்கும். ஐந்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். "இன்னொரு கேம்!" என்று பிள்ளையே கேட்கும்.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு காயைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர்களில் ஒரு சின்னத் தகராறு வரும், முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். சில வீடுகளில் பிஷப்பை மந்திரி என்பார்கள். பழைய வழக்கப்படி சொல்லும் தாத்தா பாட்டிக்கோ ராணியேதான் மந்திரி. எதைச் சொன்னாலும் ஒரே பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிள்ளை தாத்தாவுடன் ஆடும்போது பெரிய சண்டையாகிவிடும்.

குதிரைதான் சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். சிராங்கூன் சாலையில் இரண்டு கடை நேராக நடந்து, டன்லப் ஸ்திரீட்டுக்குள் ஒரு கடை திரும்புவதுபோல என்று சொல்லிப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தச் சாலையில் நடந்த பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம்: மற்ற காய்களெல்லாம் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும், குதிரை மட்டும் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும்.

அடுத்து, முடிக்கக் கற்றுத்தாருங்கள். இரண்டு யானைகள் மாறிமாறி ஏணிப்படி போல எதிரி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி செக்மேட் செய்வது. பிறகு ராணியும் ராஜாவும் சேர்ந்து செய்வது. இந்த இரண்டாவதில் கவனம் தேவை. ராணி கையில் இருக்கும் மிதப்பில் எதிரி ராஜாவுக்கு நகர ஒரு கட்டமும் விடாமல், ஆனால் செக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டால் அது ஸ்டேல்மேட். ஆட்டம் சமன். வெல்ல வேண்டிய ஆட்டத்தைச் சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் நழுவவிடுவார்கள். வீட்டிலேயே இரண்டுமுறை நடந்துவிட்டால் நல்லது, போட்டியில் நடக்காது.

அதன் பிறகு ராஜாவும் ஒரு சிப்பாயும் ஒரு பக்கம், ராஜா மட்டும் மறுபக்கம். மேலே சொன்ன ஐந்தடிப் பாதைப் பாடம் இங்கேதான். ராஜா சிப்பாய்க்கு முன்னால் நடந்து வழி ஏற்படுத்தினால் வெற்றி வாய்ப்பு, பின்னால் பதுங்கினால் பெரும்பாலும் சமன். பலகையின் இரு ஓரங்களில் நிற்கும் சிப்பாய்க்கு மட்டும் கணக்கு வேறு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். ராணியையும் பிஷப்பையும் வைத்து நான்கே நகர்வில் செக்மேட் செய்யும் தந்திரத்தை முதல் பாடமாகச் சொல்லித்தராதீர்கள். அது வகுப்புத் தோழர்களிடம் இரண்டு வாரம் பலிக்கும். பிள்ளை பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் எல்லாரும் தடுக்கக் கற்றுக்கொண்டபின், வெளியே வந்த ராணியைத் துரத்தித் துரத்தி அடிப்பார்கள். அந்தத் தந்திரத்தைத் தடுக்கச் சொல்லித்தாருங்கள், அது போதும்.

குகேஷின் பயிற்றுவிப்பாளர் எதைக் கொடுக்காமல் இருந்தார்?

குகேஷ் 2013இல், ஏழு வயதில் ஆடத் தொடங்கினார். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான் தொடக்கம். சென்னை வேலம்மாள் பள்ளியில் பயிற்சி தந்த பாஸ்கர் அவரது திறமையை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர். 2017 முதல் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா பயிற்சி அளித்தார்.

விஷ்ணு பிரசன்னா எடுத்த ஒரு முடிவு அப்போது பலருக்கு விநோதமாகத் தெரிந்தது. கணினி எஞ்சினை, அதாவது எந்த நகர்வு சரி, எது தவறு என்று நொடியில் சொல்லும் மென்பொருளை, குகேஷ் பயிற்சிக்குப் பயன்படுத்தவில்லை. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அப்படித்தான். அவர் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் எஞ்சினோடு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

ஏன் இப்படி? எஞ்சின் விடையைச் சொல்லும், ஆனால் அந்த விடைக்குப் போகும் வழியைப் பிள்ளை நடக்காது. திரையில் "+1.3" என்று ஓர் எண் வருகிறது. எட்டு வயதுக்காரருக்கு அதில் என்ன புரியும்? "ஓ, தப்பா" என்று அடுத்ததுக்குப் போய்விடும். தானே உட்கார்ந்து, 'நான் இங்கே போனா அவன் அங்கே வருவான்' என்று மூன்று நகர்வு தள்ளிப் பார்ப்பதுதான் சதுரங்கத்தில் தசைப் பயிற்சி மாதிரி. வேறொருவர் எடை தூக்கினால் நமக்குத் தசை வளருமா?

எஞ்சின் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லைங்க. இன்றைய கிராண்ட்மாஸ்டர்கள் யாரும் அது இல்லாமல் தயாராவதில்லை, குகேஷ் உட்பட. எந்த வயதில், எந்தக் கட்டத்தில் என்பதுதான் விஷயம். கவனியுங்கள், இங்கே எஞ்சினுக்குச் சொல்வது உங்களுக்கும் பொருந்தும். பக்கத்தில் உட்கார்ந்து "ஐயோ, குதிரையை ஏன் அங்க வச்ச? இங்க வை!" என்று சொல்லும் அண்ணனும் ஓர் எஞ்சின்தான். கொஞ்சம் சத்தமான எஞ்சின்.

வேறு எப்படிப் பேசுவது? தம்பி ராணியை இழந்து தோற்றுவிட்டு வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

"இந்த இடத்துல என்னடா நினைச்ச?"

"அவனோட யானையை வெட்டலாம்னு நினைச்சேன்."

"நல்ல யோசனைதான். அதுக்கு முன்னாடி அவன் பிஷப்பை நகர்த்தினானே, எதுக்குன்னு பார்த்தியா?"

"...இல்ல."

"இப்போ பாரு."

அவ்வளவுதான். அமைதியாக இருங்கள். ஒரு நிமிடம் ஆகட்டும், இரண்டு நிமிடம் ஆகட்டும். "ஓ! என் ராணியைப் பார்த்துட்டே இருந்திருக்கான்!" என்று அவனே சொன்னால், அந்தப் பாடத்தை அவன் மறக்கமாட்டான். நீங்கள் சொல்லியிருந்தால் நாளைக்கே மறந்திருப்பான். 'அவர் ஏன் அப்படி நகர்த்தினார்?' என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் பிள்ளை தன்னையே கேட்கத் தொடங்கிவிட்டால், ஆட்டம் சட்டென ஒரு படி ஏறும்.

இப்படிப் பின்னோக்கிப் பார்க்க ஆட்டம் ஞாபகம் இருக்க வேண்டுமே? அதற்குத்தான் நகர்வுகளை எழுதும் பழக்கம். ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் போதும். எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு, அவசரக்காரப் பிள்ளையின் கை கொஞ்சம் நிற்கும். வாரத்துக்குப் பத்து ஆட்டம் வேகமாக ஆடித் தள்ளுவதைவிட, இரண்டு ஆட்டத்தை நிதானமாக ஆடி, எழுதி, பேசிப் பார்ப்பது மேல். கடைசியில் வேண்டுமானால் ஓரிரு சந்தேகமான இடங்களை மட்டும் எஞ்சினிடம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் பிள்ளையின் பதில், பிறகு எஞ்சினின் பதில். இந்த வரிசை மாறக்கூடாது.

மணிலாவில் ஓர் அம்மாவும் மகனும்

குகேஷுக்கு முன்னோடி விசுவநாதன் ஆனந்த். அவருக்கு ஆறு வயதில் ஆட்டத்தைக் கற்றுத்தந்தவர் அம்மா சுசீலா. 1970களின் பிற்பகுதியில் அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் பிலிப்பீன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல்நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி, முடிவில் ஒரு புதிர். ஆனந்த் அந்நேரம் பள்ளியில் இருப்பார். அம்மா புதிரை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம்.

அந்தச் சிறுவன் அடிக்கடி ஜெயித்துக்கொண்டே இருந்ததால், வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். ஆனந்த் பின்னர் பலமுறை சொன்ன கதை இது.

புதிர் ஏன் இவ்வளவு உதவுகிறது? 1973இல் அமெரிக்க உளவியலாளர்கள் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலை ஒன்றை ஐந்து வினாடி மட்டும் காட்டி, அதே மாதிரி காய்களை அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் நிலை ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் நான்கைந்துதான் முடிந்தது. பிறகு காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். இப்போது மாஸ்டருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

ஆக, மாஸ்டரிடம் இருந்தது தனி ஞாபகசக்தி இல்லை. தமிழ்ச் சொல் ஒன்றைப் பார்த்ததும் எழுத்துக்கூட்டாமல் நீங்கள் படித்துவிடுகிறீர்கள் அல்லவா? அதுபோல அவர் காய்களைக் கூட்டம் கூட்டமாகப் படிக்கிறார். 'இதோ குதிரை இரண்டைத் தாக்குது', 'இதோ ராஜாவுக்கு முன்னால கட்டுண்டு நிக்குற பிஷப்'. அந்தச் சொற்களஞ்சியம் புதிர் போட்டுப் போட்டுத்தான் சேரும்.

நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம், எளிய புதிர்கள். பத்தில் ஏழு எட்டாவது பிள்ளைக்கு வர வேண்டும். எதுவுமே வரவில்லையென்றால் புதிர் கடினம், பிள்ளை மந்தம் இல்லை. சனிக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைத்து மற்ற நாள்களில் பலகையையே தொடாமல் இருப்பது வேலைக்கு ஆகாது. லிசெஸ் தளத்தில் புதிர்கள் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்கென்றே செஸ்கிட் தளம் இருக்கிறது. திரை வேண்டாம் என்றால் நூலகத்தில் 794.1 என்ற எண்ணுள்ள அடுக்குக்குப் போங்கள். சதுரங்க நூல்கள் எல்லாம் அங்கேதான்.

தோற்றால்?

தோற்பான். தோற்பாள். நிறைய. சதுரங்கத்தில் குழு கிடையாது, நடுவர் தப்பு செய்தார் என்று சொல்ல முடியாது, அதிர்ஷ்டமும் கிடையாது. 'நான்தான் தோத்தேன்' என்பதைத் தவிர வேறு சாக்கு இல்லாத விளையாட்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. நல்ல திறமையுள்ள பிள்ளைகள்கூட இந்த இடத்தில்தான் பலகையை மூடி வைத்துவிடுகிறார்கள்.

அதனால் ஒரே ஒரு நடைமுறை ஆலோசனை. போட்டி அரங்கிலிருந்து வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் சாப்பாடு. ரொட்டி பிராட்டாவோ, மைலோவோ, பிள்ளைக்குப் பிடித்தது. ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அன்று மாலையோ மறுநாளோ. வீடு திரும்பும் ரயிலில் நகர்வு நகர்வாக விசாரணை நடத்தினால், அடுத்த போட்டிக்குக் காலையிலேயே வயிற்றுவலி வந்துவிடும்.

தரப்புள்ளி இன்னொரு தலைவலி. அதன் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி, 18 வயதுக்குட்பட்ட, 2300க்கும் குறைவான தரப்புள்ளி உள்ளவருக்குப் பெருக்கெண் 40. தமக்குச் சமமானவரிடம் தோற்றால் 20 புள்ளி போகும், வென்றால் 20 வரும். தம்மைவிட 200 புள்ளி குறைந்தவரிடம் தோற்றாலோ சுமார் 30 போய்விடும். வாரயிறுதியில் மூன்று ஆட்டம் சறுக்கினால் 60, 90 புள்ளி காணாமல் போகலாம். பெரியவர்கள் பலருக்குப் பெருக்கெண் 20தான். பிள்ளைகள் வேகமாக முன்னேறுவார்கள் என்பதால்தான் அவர்களின் எண் வேகமாக ஏறி இறங்கும்படி வைத்திருக்கிறார்கள். அது பங்குச்சந்தை இல்லை, தினமும் பார்க்க. 2024 மார்ச் முதல் 1400க்குக் கீழே உள்ளவர்கள் அந்தப் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. உங்கள் தங்கைக்கு இன்னும் எண் வரவில்லையென்றால் அதில் குறை ஒன்றுமில்லை.

வயதைப் பற்றிய பதற்றத்துக்கும் ஒரு மருந்து இருக்கிறது. சிங்கப்பூரின் கெவின் கோ வெய் மிங் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2020இல், முப்பதைத் தாண்டிய வயதில், நிதித்துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே. பன்னிரண்டு வயதுக்குள் முடிக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று யாராவது சொன்னால் அவரைக் காட்டுங்கள்.

கணக்குப் பாடத்தில் மதிப்பெண் கூடுமா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "செஸ் ஆடினா மேத்ஸ் நல்லா வரும்" என்று அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சொல்வார்கள்.

இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 100 பள்ளிகள், 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 4,000 பேர். பாதிப் பள்ளிகளில் வாரம் ஒரு மணி நேரம் என 30 வாரங்கள் சதுரங்க வகுப்பு. ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வு முடிவைப் பார்த்தால், சதுரங்கம் கற்ற பள்ளிகளுக்கும் கற்காத பள்ளிகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2016இல் அந்த அறிக்கை வெளிவந்தது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சதுரங்கத்தை விரும்பலாம். அதனால் சதுரங்கம் ஆடினால் கணக்கு வரும் என்று ஆகிவிடாது.

துணைப்பாட வகுப்புக்குப் பதிலாகச் சதுரங்க வகுப்பு என்று யாராவது விற்க வந்தால் யோசியுங்கள். இந்த ஆட்டம் அழகானது, தாத்தாவுடனும் ஆடலாம், மொழி தெரியாத ஊர்க்காரருடனும் ஆடலாம். அந்தக் காரணங்களே எனக்குப் போதுமானவையாகத் தெரிகின்றன. நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்துக்காகவே தொடங்குவோரும் உண்டு. மனத்தில் இருக்கும் உயர்நிலைப்பள்ளி சதுரங்கத் திறனை ஏற்கிறதா என்பதை அந்தப் பள்ளியின் பட்டியலில் முதலில் பாருங்கள்.

குகேஷின் பாதையை அப்படியே நகலெடுக்க நினைப்பதும் ஆபத்து. நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. மகனோடு போட்டிகளுக்குப் பயணம் செய்ய அப்பா தம் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். பணத்துக்குக் குடும்பம் திணறிய காலமும் உண்டு. ஒரு குடும்பம் அத்தனையையும் பணயம் வைத்தது, அது பலித்தது. அதேபோலப் பணயம் வைத்துப் பலிக்காத வீடுகளைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை.

வெளியே பயிற்றுவிப்பாளர் எப்போது தேவை?

உங்கள் தம்பி உங்களை ஒழுங்காகத் தோற்கடிக்கத் தொடங்கும்போது! அதுவரை வீடு, பள்ளியின் இணைப்பாட நடவடிக்கை, சமூக மன்ற வகுப்பு, இவையே போதும். பழைய வீவக புளோக்குகள் சிலவற்றின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகள் இருக்கின்றன. காய்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆள் சேர்ந்துவிடும்.

பயிற்றுவிப்பாளரைத் தேடும்போது அவருடைய பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். நன்றாக ஆடத் தெரிவது வேறு, பிள்ளைக்குச் சொல்லித்தரத் தெரிவது வேறு. முடிந்தால் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். யார் அதிகம் பேசுகிறார், அவரா பிள்ளைகளா? பிள்ளையின் சொந்த ஆட்டங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாரா? அல்லது எல்லாருக்கும் ஒரே அச்சிட்ட தாளா? தவறான விடை வந்தால் "ஏன் அப்படி நினைச்ச?" என்கிறாரா, "தப்பு, அடுத்தவர்" என்கிறாரா? இரண்டு வகுப்புக்குள் தெரிந்துவிடும். ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னால் அதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் போட்டிக்குப் போகும் முன்

திறமையைவிட விதி தெரியாமல் ஆட்டத்தை விடுகிற பிள்ளைகள் உண்டு. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமென்றால் தொடுவதற்கு முன்பே "சரிசெய்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். கடிகாரத்தை நகர்த்திய அதே கையால் அழுத்த வேண்டும். கைத்தொலைபேசி உங்களிடம் இருக்கட்டும், பையில் கிடந்தாலும் ஆட்டமே பறிபோகலாம்.

எல்லாவற்றையும்விட ஒன்றை வீட்டில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். எதிரே இருப்பவர் ஏதோ சொல்லிக் குழப்பினாலோ, விதி புரியாவிட்டாலோ, பயப்படாமல் கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, நடுவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை இதைச் செய்யாது, தன் பக்கம் நியாயம் இருந்தாலும் பேசாமல் தோல்வித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் நீங்கள் எதிராளியாக உட்கார்ந்து வேண்டுமென்றே ஒரு தப்பு நகர்வு செய்யுங்கள். அம்மா நடுவர். தங்கை கையைத் தூக்கும்வரை விடாதீர்கள்.